பேட்டின் கழுத்தைப் பிடித்தவர்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேதான் நிற்கும். ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை. போன மாதம் அந்தக் கோபம் ஷட்டில் சொல்லிக்கொடுக்கிற ஒரு தம்பிமேல் வந்தது. நாங்கள் இப்போது குடியிருக்கும் எர்ணாவூரில், தகரக் கொட்டகை போட்டு, தரையில் பச்சை விரிப்பு ஒட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே ஆடப் போவோம். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. முட்டியும் சத்தம் போடும், நாங்களும் சத்தம் போடுவோம். பக்கத்து பிளாக்கிலிருந்து இரண்டு பேர் எதிரில் நிற்பார்கள்.

அந்தத் தம்பி அன்றைக்குத்தான் புதிதாக வேலைக்கு வந்திருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே என் வீட்டுக்காரரிடம், "அங்கிள், பேட்டை ரொம்ப மேல பிடிக்கிறீங்க. ஹேண்டிலோட அடியில பிடிக்கணும்" என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். பிழை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு உச்சி வரைக்கும் சுர்ரென்று ஏறியது. நேற்று வந்த பிள்ளை, யாரிடம் எதைச் சொல்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால், பேட்டை எங்கே பிடிப்பது என்பதற்காக எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக நடந்த சண்டையை நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அதன் ருசி தெரியாது.

எங்கள் குப்பம் காசிமேட்டுக்கு வடக்கே கடலை ஒட்டி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது, மீதியில் கடலைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டிவிட்டார்கள். அந்தக் குப்பத்தில் மீன் பிடிக்கப்போகாத நாட்கள் என்றால் தடைக்காலம்தான். சித்திரை பிறந்தால் விசைப்படகெல்லாம் இரண்டு மாதம் கரையில் நிற்கும். மீன் குஞ்சு பொரிக்கிற காலம். வருஷம் முழுக்க வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகிற ஆம்பளைகள், அந்த இரண்டு மாதம் வீட்டிலேயே கிடப்பார்கள். காலையில் வலை பின்னுவார்கள், மத்தியானம் தூங்குவார்கள், சாயங்காலம் பெண்டாட்டியிடம் வம்பு வளர்ப்பார்கள். வம்பு தாங்காமல் யாரோ ஒரு புண்ணியவதி ஷட்டிலைக் கொண்டுவந்திருக்க வேண்டும். நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது அது ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இறகுப்பந்து என்று போட்டிருக்கும். எங்களுக்கு அது ஷட்டில், பந்துக்குப் பெயர் காக்கு, மட்டைக்குப் பெயர் பேட். ஏலக் கூடத்தின் பின்சுவருக்கும் வலை வைக்கிற கூடத்தின் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. இரண்டு சவுக்குக் கழியை நட்டு, கண் சின்னதாக இருக்கிற பழைய வலை ஒன்றை மடித்துக் கட்டிவிட்டால் கோர்ட் தயார். காக்கு அந்த வலையில் சிக்கிக்கொண்டால் மீன் பட்டது என்று கத்துவோம். விடிகிற நேரத்தில்தான் ஆட்டம். தரைக்காற்று ஓய்ந்து கடல்காற்று எழும்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் காற்று சும்மா நிற்கும். அந்த நேரத்தைத் தப்பவிட்டால், நீ அடித்த காக்கு உன்னிடமே திரும்பி வரும். தோற்ற ஜோடி, ஜெயித்த ஜோடிக்கு டீயும் பன்னும் வாங்கித்தர வேண்டும். காலையில் மீன் ஏலம் விடுகிற பெரியவர்தான் எங்களுக்குப் பாயிண்ட் சொல்வார். பழக்க தோஷம், யாராவது சத்தமாகக் கேட்டால் ஒன்றிரண்டு பாயிண்ட் ஏற்றிவிட்டுவிடுவார்.

அங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஜோடியாக நிற்க வேண்டும் என்பது வழக்கம். அதுதான் பெரிய பேஜாரு.

என் வீட்டுக்காரர் எனக்கு மாமன் மகன். சின்ன வயதில் கட்டுமரத்தில் துடுப்புப் போட்டவர். துடுப்பின் கடைசியை உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தினால்தான் மரம் போகும். பிறகு விசைப்படகில் கயிறு இழுத்த கை. கயிறு இழுக்கிறவன் ஐந்து விரலையும் இறுக மூடித்தான் பிடிப்பான். ஒரு விரல் தளர்ந்தாலும் வலை போய்விடும். ஆகவே பேட்டையும் அப்படியேதான் பிடிப்பார். ஹேண்டிலின் அடி உள்ளங்கைக்குள் போய்விடும். அதற்குக் கீழே பிடிக்க இடமில்லை. அங்கிருந்து ஒரு வீச்சு வீசினால், காக்கு கூடத்துக் கூரையைத் தாண்டிப் போகும். தப்பித் தவறி உள்ளே விழுந்தால் பாயிண்ட். பத்தில் மூன்று விழும்.

நான் மீன் வெட்டுகிறவள். கல்மண்டபம் மார்க்கெட்டில் எனக்கு ஒரு கட்டை, ஒரு கத்தி, குடையடியில் நாலு அடி இடம். கத்திப் பிடியின் கடைசியில் பிடித்தால் அது தன்னிஷ்டத்துக்குப் போகும். அலகுக்குப் பக்கத்தில், ஆள்காட்டி விரலை முதுகில் வைத்துப் பிடித்தால்தான் வஞ்சிரம் ஒரே கனத்தில் துண்டு விழும். நான் ப்ளஸ் டூ வரைக்கும் படித்தவள் என்பதால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பேனாவையும் முள்ளை ஒட்டித்தான் பிடிப்பேன். நடுவிரலில் எப்போதும் மை இருக்கும். ஆக, பேட்டையும் கழுத்தில்தான் பிடித்தேன். ஹேண்டில் முடிந்து கம்பி தொடங்குகிற இடத்தில். வலைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற காக்கை லேசாகத் தட்டி அந்தப் பக்கம் போட்டுவிடுவேன். வீச்செல்லாம் எனக்கு ஆகாது.

இதுதான் சண்டை. அவர் பிடிக்கிற இடம் தப்பு என்று நான். நான் பிடிக்கிற இடம் தப்பு என்று அவர்.

"இன்னாமே, கோழி கழுத்தப் புடிக்கிற மாதிரி புடிச்சுகினு கீற? அது செத்துடும்மே" என்பார், தெருவே கேட்க.

"உன்கிட்ட மட்டும் உசுரோடவா கீது? நீ அடிச்ச காக்கு அத்தினியும் கடல்ல மெதக்குது" என்பேன்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்பார் அவர். தெரிந்தவன் கையில் பேட்டே கோணலாகிவிட்டது பார் என்பேன் நான். நிஜமாகவே அவர் பேட் கோணியிருக்கும். பாரிமுனை நடைபாதைக் கடையில் ஜோடியாக வாங்கிய பேட்டு. அவருடையதை எத்தனையோ தடவை சுவரில் அடித்திருக்கிறார். இப்படிக் கத்திக்கொண்டே ஆடி, கத்திக்கொண்டே தோற்று, கத்திக்கொண்டே அடுத்தவருக்கு டீ வாங்கித் தருவோம். பத்து தடைக்காலம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் திரும்பக் கேட்கிற நாட்கள் எவை என்றால் அவைதான். உப்புக்காற்றும் டீசல் வாடையும், விடிகாலையில் பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஈரத் தரையில் ஓடுவதும், தோற்ற பிறகு அந்த டீயில் நனைத்த பன்னும். பிள்ளை குட்டி இல்லாத வீடு எங்களுடையது. சத்தம் போட நாங்கள் இரண்டு பேர்தான்; அதைக் குறைவில்லாமல் போட்டோம்.

சாப்பிடும்போது மட்டும் சண்டை கிடையாது. நாளெல்லாம் மீன் வெட்டுகிறவளுக்கு முள் எடுத்துத் தின்னப் பொறுமை இருக்காது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியில் முள் எடுத்து, சதையை மட்டும் என் தட்டில் வைப்பார். நான் கேட்டதில்லை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து வைத்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் வருஷம், தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன நாலாவது மாதம். ஒரு நாள் காலை நான் மார்க்கெட்டில் சங்கரா செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் போகிற படகின் டிரைவர் வந்து எதிரில் நின்றார். கடலில் இருக்க வேண்டிய ஆள். என்னவென்று கேட்பதற்குள், என் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கிக் கட்டைமேல் வைத்தார். அப்புறம்தான் சொன்னார். வலை இழுக்கும்போது, கயிறு சுற்றுகிற வின்ச் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த கயிறு என் வீட்டுக்காரரின் வலது கையைப் பிடித்துக்கொண்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் அடியோடு போய்விட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக இங்கே வருகிறேன் என்றார். உயிர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது போதுமென்று இருந்தது.

போதவில்லை. புண் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது, ஆள் ஆறவில்லை. வலது கைமேல் ஒரு துண்டைப் போட்டுச் சுற்றிக்கொண்டார். வெயிலிலும் துண்டு, தூக்கத்திலும் துண்டு. கட்டு மாற்றும்போது நர்ஸ் பார்த்திருப்பாள், என்னைப் பார்க்கவிடவில்லை. சட்டைப் பொத்தான் இடது கையால் போட்டார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். சாப்பிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூன் வைத்துக்கொண்டு, யாரோ பிச்சை போட்ட சோறு மாதிரி அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வார். மீன் தொடவே மாட்டார். என் தட்டில் மத்தி முள்ளோடு கிடக்கும். நான் அடுக்களையில் போய் அழுதுவிட்டு வந்து சட்டி கழுவுவேன்.

படகில் அவரைக் கூப்பிட்டார்கள். கயிறு இழுக்க வேண்டாம், டிரைவருக்குத் துணையாக வீல் பிடித்தால் போதும் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார். மீஞ்சூர் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, என்னிடம் வந்து மனு எழுதித்தரச் சொன்னார். பேனாவை எடுத்தேன். பெயர், ஊர், வயது எழுதினேன். "சோத்தாங்கை ஒதவாதுன்னு எழுது. பாவம் பாத்துக் குடுப்பாங்க" என்றார்.

அந்த வரியில் என் பேனா நின்றுவிட்டது. ஊரில் எத்தனை பேருக்கு என்னென்னவோ எழுதிக்கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் எழுத முடியாது என்றேன். மூன்று விரல் இருக்கிற கையை உதவாது என்று என் கையால் எழுதமாட்டேன். அவர் எழுந்து போனார். மனு பாதியில், ஷெல்ஃபில் கிடந்தது. தடைக்காலம் முடிவதற்குள் எழுதாவிட்டால் வேறு யாரிடமாவது எழுதிக்கொள்கிறேன் என்று மறுநாள் சொன்னார். தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது, ஆக எனக்கு இரண்டு மாதம் இருந்தது. அவர் அந்தக் கையை வெளியே எடுக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷமும் சந்தில் வலை கட்டினார்கள். அவர் வரவில்லை. புருஷன் ஊருக்குப் போயிருந்த ஒருத்தியோடு நான் ஜோடி போட்டு ஆடினேன். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். எதிரில் இருந்தவன் விளையாட்டாக, உன் ஆள் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமாகத் தோற்றிருப்பாய் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டு வாசல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருக்கும். அவர் உள்ளே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். எனக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ, வாசலைப் பார்த்துத் திரும்பி, "யோவ், ரெண்டு வெரலு போனதுக்கு முழு ஆளும் போயிட்டியாய்யா?" என்று கத்திவிட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கதவு சாத்தப்பட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு அந்த நுணல் நான்தான். விரல் போனதைத் தெருவில் யாருமே அதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கட்டின பெண்டாட்டி நான் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் என்னிடம் பத்து நாள் பேசவில்லை. நான் பேசினால் பதில் வராது. சோறு வைத்தால் எடுத்துக்கொண்டு போய் வேறு மூலையில் சாப்பிடுவார்.

அந்தப் பத்து நாளில் ஒரு மத்தியானம், அவர் தூங்கும்போது, அடுக்களையில் ஒன்று செய்து பார்த்தேன். என் வலது கையின் சுண்டு விரலையும் மோதிர விரலையும் மடக்கி உள்ளங்கையோடு வைத்து, வலை பின்னுகிற நைலான் நூலால் கட்டினேன். ஒரு கையாலும் பல்லாலும் போட்ட கட்டு. பிறகு அவருடைய பேட்டை எடுத்து, அவர் பிடிக்கிற மாதிரியே அடியில் பிடித்து வீசினேன். பேட் கையை விட்டுப் பறந்து போய் ரசச் சட்டியில் இடித்தது. அவர் விழித்துக்கொள்ளவில்லை, கடவுள் புண்ணியம். மறுபடி பிடித்தேன், மறுபடி நழுவியது. அடியில் பிடிப்பதற்குக் காவல் அந்த இரண்டு விரல்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவை இல்லாவிட்டால் ஹேண்டில் உள்ளங்கைக்குள்ளேயே உருளுகிறது.

அப்புறம் என் வழக்கப்படி கழுத்தில் பிடித்தேன். கட்டைவிரல் ஒரு பக்கம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இன்னொரு பக்கம். நின்றது. ஆட்டினேன், தட்டினேன், நின்றது. கத்தியை எடுத்து ஒரு முருங்கைக்காயை வெட்டினேன். எந்த வித்தியாசமும் இல்லை. பதினைந்து வருஷமாக நான் மூன்று விரலால்தான் மீன் வெட்டியிருக்கிறேன். பேனாவும் மூன்று விரல்தான். அடுக்களையில் தனியாக நின்று சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? பேசாதவரிடம் சொல்ல முடியாது. சொன்னாலும், பாவம் பார்க்கிறாள் என்று நினைப்பார். மறுநாள் விடிகாலை அந்த இரண்டு விரலையும் கட்டிக்கொண்டே சந்துக்குப் போனேன். என்ன இது கூத்து என்று எல்லாரும் கேட்டார்கள். சுளுக்கு என்றேன். ஏலக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆடினேன். ஒவ்வொரு நாலு பாயிண்டுக்கும் கட்டு அவிழ்ந்தது. நின்று, பல்லால் கடித்து இழுத்து, மறுபடி கட்டுவேன். மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. இரண்டாம் நாள் இரண்டு சாண். மூன்றாம் நாள் அவர் வாசற்படியில் உட்கார்ந்து, துண்டைச் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் ஆட்டத்தின் நடுவில் கட்டு மறுபடியும் அவிழ்ந்தது. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இன்னா முடிச்சுமே இது? செருப்பு வாரு கூட இப்பிடிக் கட்ட மாட்டாங்க."

அவர்தான். கடலோடியிடம் கோபித்துக்கொள், திட்டு, பட்டினி போடு, தாங்குவான். கெட்ட முடிச்சை மட்டும் அவன் கண்ணில் காட்டக் கூடாது. என் நூலை உருவினார், கையைத் திருப்பினார், இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு, வெளியே இழுத்து, ஒரே இறுக்கு. துண்டு எப்போது கீழே விழுந்ததோ தெரியாது. இடது கை நூலைப் பிடித்திருந்தது. முடிச்சுப் போட்டதெல்லாம் வலது கை. மூன்று விரலால், எப்போதும் போடுகிற வேகத்தில், அந்தக் கை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

முடித்த பிறகுதான் அவர் பார்த்தார். நானும் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். தையல் போட்ட இடம் வெளுத்து, சுருங்கி இருந்தது. பயந்துகொண்டிருந்த அளவுக்கு ஒன்றுமில்லை. அது அவர் கை, அவ்வளவுதான். துண்டை எடுக்கக் குனிவார் என்று நினைத்தேன். குனியவில்லை. கட்டியிருந்த என் இரண்டு விரலையும் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். எந்த விரல் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இன்னாத்துக்குமே கட்டிகினு ஆடுற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மூணு வெரலுக்கு பேட்டு எங்க நிக்குதுன்னு பாத்தேன் மாமா."

"எங்க நிக்குது?"

"கழுத்துல."

பத்து வருஷமாக என்னைக் கேலி செய்த இடம் அது. பிறகு என் கையிலிருந்த பேட்டை வாங்கினார். பழக்கம் விடுமா, அடியில்தான் பிடித்தார். ஒரு தரம் ஆட்டியதும் தொப்பென்று கீழே விழுந்தது. எடுத்தார். ஒரு விரல் அளவு மேலே பிடித்தார். ஆட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம். கம்பி தொடங்குகிற இடம் வரைக்கும் போய், அங்கே நின்றார். ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாயிண்ட் எவ்வளவு என்பதை மறந்துவிட்டேன், முதலிலிருந்து ஆடுங்கள் என்றார்.

என்னோடு ஜோடி நின்றவள் தன் பேட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினாள். அவர் வலைக்குப் பக்கத்தில் நின்றார், என் இடத்தில். ஆகவே நான் பின்னால் போக வேண்டியதாயிற்று. பின்னால் நிற்கிறவள் கழுத்தில் பிடித்தால் காக்கு பாதி தூரம்கூடப் போகாது. அவர் கட்டிய முடிச்சை அவிழ்க்கவே இரண்டு நிமிஷம் ஆனது. அவிழ்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஹேண்டிலின் அடியில் பிடித்தேன். நான் அடித்த முதல் காக்கு கூடத்துக் கூரைமேல் போய் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் நான் சொன்னதையெல்லாம் இப்போது திருப்பிச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். ஆறு மாதத்துக்கு அப்புறம் நான் பார்த்த சிரிப்பு. அன்றைக்கும் தோற்றோம். டீ வாங்கித் தந்தோம்.

மத்தியானம் மத்திக் குழம்பு. சுவர்ப் பக்கம் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்பூனைத் தேடவில்லை. மூன்று விரலால் சோற்றைப் பிசைந்தார். ஒழுங்காக வரவில்லை, தட்டைச் சுற்றிலும் சிந்தியது. நான் பார்க்காத மாதிரி என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் தட்டில் ஒரு துண்டு மத்தி வந்து விழுந்தது. அதில் இரண்டு முள் மிச்சமிருந்தது. முள்ளோடு தின்றேன். தொண்டையில் குத்தியது; அதற்காகக் கண்ணில் தண்ணீர் வந்தது என்று அவரிடம் சொன்னேன்.

பாதி எழுதிய மனுவை அவரே ஷெல்ஃபிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டார். தடைக்காலம் முடிந்து படகுகள் போன அன்று வீல் பிடிக்க அவரும் போனார். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் போனார். கடல் எங்கள் தெருவை எடுத்து, அரசாங்கம் எர்ணாவூரில் மூன்றாம் மாடியில் வீடு கொடுக்கும் வரைக்கும். அந்தச் சந்து இப்போது இல்லை, ஏலக்காரரும் இல்லை. காற்று ஓய்கிற நேரம் பார்த்து எழுந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தகரக் கொட்டகைக்குள் காற்றே வராது. அவருடைய பழைய பேட்டை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. அதன் ஹேண்டிலில் அடியிலும் கழுத்திலும் உறை தேய்ந்து கறுத்திருக்கும். நடுவில் மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த நிறம்.

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன். அடியில பிடிக்கணும் அங்கிள் என்று அவன் சொன்னதும் நான் வாயெடுத்தேன் என்றேன் அல்லவா. எனக்குக் கோபம் மட்டுமில்லை, பயமும் இருந்தது. அந்தத் துண்டு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. புது ஆள், இத்தனை பேர் முன்னால் கையைப் பற்றிப் பேசிவிட்டானே, பழையபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் பேட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நன்றாக மேலே தூக்கி, மூன்று விரலையும் விரித்துக் காட்டினார்.

"மீதி ரெண்டு வெரலும் கடல்ல கீதுப்பா. அது கரைக்கு வரட்டும், அடியில புடிக்கிறேன்."

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. மன்னிச்சுக்குங்க அங்கிள், பார்க்கலை அங்கிள் என்று தடுமாறினான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தான். இவர் வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். ஒரு காலத்தில் கட்டின பெண்டாட்டியிடமே ஒளித்துவைத்த அந்தக் கையை நீட்டி, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் கையை உடனே விடவும் இல்லை. பேட்டைப் பிடித்திருக்கிற லட்சணம் பார், இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே, தளர்த்து என்று அவனுக்கே சொல்லிவிட்டு வந்தார்.

என் கோபம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "இன்னாமே நிக்கிற, சர்வீஸ் போடு" என்றார். நான் பின்னால் போய் நின்று, பேட்டை அடியில் பிடித்து, போட்டேன்.